நிலாவை அழித்தவர்கள்

'ஸ்டோரேஜ் ஃபுல்.'

போனில் இந்த அறிவிப்பைப் பார்த்ததும் என் சித்தப்பாவுக்குக் கை பரபரத்துவிட்டது. இருப்பதிலேயே பெரிதாக எது என்று தேடினார். சித்தி கடைசியாகப் பேரனோடு பேசிய வீடியோ. நாலு நிமிடம். அதை வாட்ஸப்பில் மகனுக்கு அனுப்பினார். நீல டிக் விழுந்தது. 'அதான் அவன்கிட்ட ஒண்ணு இருக்கே' என்று தன் போனில் இருந்ததை அழித்தார். போனின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தார்.

வருஷ திதியன்று அதைப் பெரிய டிவியில் போட்டபோதுதான் தெரிந்தது. சித்தியின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறிக் கிடந்தது. வாட்ஸப் வீடியோவைச் சுருக்கித்தான் அனுப்பும். அது அவருக்குத் தெரியாது.

"காப்பி வெச்சுட்டுத்தானேடா அழிச்சேன்? நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்றார்.

இதே தப்பை, இதே நியாயத்தோடு செய்த இன்னொரு கோஷ்டி உண்டு. சாதாரண ஆட்கள் இல்லை. மனிதனை நிலாவுக்கு அனுப்பியவர்கள்!

1969 ஜூலை 20. அப்போலோ 11-லிருந்து நீல் ஆர்ம்ஸ்ட்ராங் நிலாவில் காலை வைக்கிறார். உலகம் முழுக்கச் சுமார் 60 கோடிப் பேர் டிவியில் பார்த்தார்கள் என்று கணக்கு. ஆனால் அவர்கள் பார்த்தது மங்கலான, பேய்ப் படம் மாதிரி ஒன்று.

காரணம் இதுதான். நிலாவிலிருந்து வந்த படம் விநாடிக்கு 10 ஃபிரேம், 320 கோடுகள். அமெரிக்க டிவிக்கு வேண்டியதோ விநாடிக்கு 30 ஃபிரேம், 525 கோடுகள். எனவே தரை நிலையங்களில் நிலாப் படத்தை ஒரு திரையில் ஓடவிட்டு, அந்தத் திரைக்கு எதிரே ஒரு டிவி கேமராவை வைத்துப் பிடித்து அனுப்பினார்கள். தியேட்டரில் உட்கார்ந்து திருட்டு விசிடி எடுக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். தெளிவு அங்கேயே பாதி போச்சு.

நல்ல வேளையாக, மாற்றுவதற்கு முன் வந்த அசல் சிக்னலையும் தனி டேப்புகளில் பதிவு செய்தார்கள். நேரடி ஒளிபரப்பு சொதப்பினால் உதவட்டும் என்று. ஒளிபரப்பு சொதப்பவில்லை. டேப்புகள் பெட்டிக்குள் போயின.

அப்புறம் வந்தது தட்டுப்பாடு. பூமியைச் சுற்றிவந்த செயற்கைக்கோள்கள் தகவலாகக் கொட்டின. பதிவு செய்ய டேப் இல்லை. பழைய டேப்பைக் காந்தத்தால் துடைத்து மறுபடி பயன்படுத்து என்று முடிவானது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இப்படிச் சுமார் 2 லட்சம் டேப்புகள் துடைக்கப்பட்டன.

2000-க்குப் பிறகு, அந்தக் காலத்துப் பொறியாளர்கள் சிலருக்கு ஓர் ஆசை. இப்போதைய தொழில்நுட்பத்தில் அசல் டேப்பை ஓட்டினால் எப்படி இருக்கும்? தேடினார்கள். வருடக்கணக்கில் தேடினார்கள். 2009-ல் நாசாவே கையை விரித்தது. அப்போலோ 11-ன் 45 டேப்புகளும் அநேகமாக அந்த 2 லட்சத்தோடு துடைக்கப்பட்டிருக்க வேண்டும்!

இதில் வில்லன் யாருமில்லை. 'டிவி நிறுவனங்களிடம் பதிவு இருக்கிறதே' என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இருந்தது. ஆனால் அது அசல் இல்லை. சித்தப்பா கதையேதான்.

கடைசியில் சிபிஎஸ் டிவியின் கிடங்கு, ஆஸ்திரேலியாவின் சிட்னி என்று பல இடங்களில் கிடைத்த ஒளிபரப்புப் பிரதிகளைச் சேர்த்து, கலிஃபோர்னியாவின் லோரி டிஜிட்டல் நிறுவனம் மெருகேற்றியது. செலவு சுமார் 2,30,000 டாலர். டேப் செலவை மிச்சம் பிடித்த கதை இப்படி முடிந்தது.

இடப் பஞ்சம் கம்ப்யூட்டரோடு கூடப் பிறந்த வியாதி. 1956-ல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்டு டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் 50. எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவு 5 எம்பி. இன்று உங்கள் போனில் ஒரு போட்டோவே அந்த அளவு வரும்.

அந்தப் போனுக்குள் இருப்பது ஃப்ளாஷ் மெமரி. எண்பதுகளில் ஜப்பானின் தோஷிபாவில் ஃபூஜியோ மசுவோகா கண்டுபிடித்தது. பேர் வைத்தவர் அவருடைய சக ஊழியர். கேமரா ஃப்ளாஷ் மாதிரி ஒரே மின்னலில் மொத்தமாக அழிகிறதே என்று அந்தப் பெயர். கவனியுங்கள், சேமிப்பதை வைத்து வந்த பெயரில்லை. அழிப்பதை வைத்து வந்த பெயர்! குப்பைத் தொட்டியிலிருந்தும் போய்விட்ட படம் பெரும்பாலும் திரும்பாது.

நான் பி.காம். படித்தவன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்: லெட்ஜரில் ஏறிவிட்டதா என்று சரிபார்க்காமல் வவுச்சரில் கை வைக்காதே. போனுக்கும் அதேதான்.

படம், வீடியோவை முதலில் கம்ப்யூட்டருக்கோ ஹார்டு டிஸ்க்குக்கோ மாற்றுங்கள். அங்கே திறந்து, பெரிய திரையில் ஓட்டிப் பாருங்கள். ஃபைலின் அளவு போனில் இருந்த அளவேதானா என்றும் பாருங்கள். பிறகு அழியுங்கள். வாட்ஸப்தான் வழி என்றால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், சுருங்காது. கூகுள் போட்டோஸில் ஏற்றிவிட்டு அந்த ஆப்பிலேயே டெலிட் அழுத்தினால், மேலே இருப்பதும் சேர்ந்து போகும். போனில் மட்டும் இடம் பண்ண அதிலேயே தனி வசதி இருக்கிறது.

அதற்கும் முன்னால் குட் மார்னிங் படங்கள், பார்த்து முடித்த சினிமா, தொடாத ஆப்கள். இவற்றைத் தூக்கினாலே பாதி வீடு காலியாகிவிடும். ஆப்பில் 'கேஷ்' அழிப்பது ஆபத்தில்லை. 'டேட்டா' அழிப்பது வேறு. அதில் கணக்கு, செட்டிங்ஸ் எல்லாம் போய்விடும்.

சித்தப்பாவிடம் நாசா கதையை முழுசாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அவங்களுக்கு ஊர் ஊரா காப்பி கெடைச்சுதா? குடுத்து வெச்சவங்க" என்றார்.