53 மேற்கு 53

53 மேற்கு 53 என்பது, ஐக்கிய அமெரிக்காவின் நியூ யோர்க் நகரில், நவீன கலை அருங்காட்சியகத்துக்கு அருகில் அமைந்துள்ள ஒரு வானளாவி ஆகும். பிரெஞ்சுக் கட்டிடக்கலைஞர் சான் நூவெல் இதனை வடிவமைத்தார். 2019 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட இதன் உயரம் 320 மீட்டர். முதலில் திட்டமிடப்பட்ட உயரம் நகர அனுமதியின்போது குறைக்கப்பட்டது.

அனுமதி

2007 இல் வெளியான வடிவமைப்பின் உயரம் 381 மீட்டர். இது எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தின் கூரை உயரத்துக்குச் சமமானது. நியூ யோர்க்கில் ஒரு நிலத்தில் கட்டக்கூடிய மொத்தத் தளப்பரப்புக்கு எல்லை உண்டு. கூடுதலாகக் கட்டுவதற்காக, அருகிலிருந்த புனித தாமசு தேவாலயம் முதலிய மரபுரிமைக் கட்டிடங்கள் பயன்படுத்தாத தளப்பரப்பு உரிமை பெறப்பட்டது. இவ்வாறான மாற்றத்துக்கு அப்போது சிறப்பு அனுமதியும், பொதுமக்கள் கருத்துக் கேட்பும் தேவைப்பட்டன. நிழல், நெரிசல் ஆகியவற்றைக் காட்டி அயலவர் எதிர்த்தனர். 2009 செப்டெம்பரில், அமாண்டா பேர்டன் தலைமையிலான நகரத் திட்டமிடல் ஆணையம், உச்சிப்பகுதியின் வடிவமைப்பு அவ்வுயரத்துக்கு ஏற்றதாக இல்லை எனக் கருதி, 61 மீட்டரைக் குறைக்கும் நிபந்தனையுடன் அனுமதி வழங்கியது. அடுத்த மாதம் நகர அவையும் ஒப்புதல் அளித்தது.

விளைவு

மேலே செல்லச் செல்லக் குறுகும் வடிவமும், வெளியே தெரியும் சாய்வுச் சட்டகமும் மாறவில்லை. ஆனால், 2015 இல் நிறைவடைந்த, 426 மீட்டர் உயரமான 432 பார்க் அவெனியூ, வலய விதிகளுக்கு உட்பட்டே அமைந்ததால், இத்தகைய கருத்துக் கேட்பு இன்றியே கட்டப்பட்டது. இதனால், நியூ யோர்க்கில் ஒரு கட்டிடத்தின் உயரத்தை, அது எவ்வகை அனுமதியை நாடுகிறது என்பதும் தீர்மானிக்கிறது எனலாம்.