சாபத்தையும் வீசியெறிந்தவள்

விடுதலையைப் பாடாத கவிஞர் உண்டா? ஆனால், யாருடைய விடுதலை, யார் வாயிலாகப் பாடப்படுகிறது என்று கேட்டால்தான் பாட்டின் எடை தெரியும். எலிசபெத் பாரெட் பிரவுனிங் எழுதிய 'பில்கிரிம்ஸ் பாயிண்டில் தப்பியோடிய அடிமை' என்ற கதைக்கவிதையை இன்று அந்தத் தராசில் வைத்துப் பார்ப்போம்.

1806-இல் இங்கிலாந்தில் பிறந்த எலிசபெத், கவிஞர் பைரனைப் போற்றி வளர்ந்தவர். கிரேக்கர்களின் விடுதலைப் போருக்குத் துணைநின்ற பைரன் 1824-இல் அங்கேயே மாண்டார். 18 வயது எலிசபெத் அவருக்கு இரங்கற்பா பாடினார். பைரன் காலத்துக் கவிதைகளில் கடலோடியும் குதிரைவீரனும் அதிகாரத்தை எதிர்த்து நின்றார்கள். பெரும்பாலும் ஆண்கள்தாம்!

ஆனால், எலிசபெத்தின் குடும்பச் செல்வம் எங்கிருந்து வந்தது? ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில், அடிமைகளின் உழைப்பிலிருந்து! 1831 டிசம்பரில் சாமுவேல் ஷார்ப் தலைமையில் அத்தீவின் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 300-க்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1833-இல் ஒழிப்புச் சட்டம் வந்தது. இழப்பீடாக ஒதுக்கப்பட்ட 2 கோடி பவுன் உரிமையாளர்களுக்கே போனது. அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை.

1846-இல் எலிசபெத், தந்தைக்குத் தெரியாமல் ராபர்ட் பிரவுனிங்கை மணந்து இத்தாலி சென்றார். அங்கிருந்துதான் பாஸ்டன் நகரின் அடிமை ஒழிப்பு ஆண்டிதழான 'தி லிபர்ட்டி பெல்'லுக்கு இக்கவிதையை அனுப்பினார். அது 1848-ஆம் ஆண்டு இதழில் வெளிவந்தது.

கவிதை முழுவதும் ஒரு கறுப்பினப் பெண்ணின் குரல்தான். அவள் நேசித்தவனை அவளிடமிருந்து இழுத்துச் செல்கிறார்கள். வெள்ளையர் அவளைச் சீரழிக்கிறார்கள். பிறந்த குழந்தையின் முகத்தில் எஜமானனின் பார்வையைக் கண்டு, தன் கையாலேயே அதன் மூச்சை நிறுத்துகிறாள். பிறகு ஓடுகிறாள். போய் நிற்கும் இடம் எது தெரியுமா? சமய உரிமை தேடிய பயணிகள் 1620-இல் கரையிறங்கிய பிளிமத் கடற்கரை! சுதந்திரத்தின் பெயரால் போற்றப்படும் மண்ணில் நின்று சபிக்கிறாள். துரத்தி வந்தவர்கள் சூழ்ந்துகொள்ள, உயிர் பிரியும் வேளையில் அந்தச் சாபத்தையும் விலக்கிக்கொள்கிறாள். அது மன்னிப்பு அன்று. சாபத்திற்குக்கூட நீங்கள் தகுதியற்றவர்கள் என்ற இகழ்ச்சி! பைரனின் எந்த வீரனும் இப்படிக் கலகம் செய்ததில்லை.

இது மிகைக் கற்பனை என்பீர்களா? 1856-இல் கென்டக்கியிலிருந்து தப்பிய மார்கரெட் கார்னர், சின்சினாட்டியில் பிடிபட்டபோது, மீண்டும் அடிமையாகக் கூடாது என்று தன் மகளைக் கொன்றார். டோனி மாரிசனின் 'பிலவட்' நாவலுக்கு (1987) வித்திட்டது அந்நிகழ்வே.

ஒன்றை மறைக்கக் கூடாது. கவிதை கைநீட்டிக் காட்டுவது அமெரிக்காவை. தந்தையின் ஜமைக்காவை அன்று. அது ஒரு குறையே. ஆனாலும், அடிமைகளின் உழைப்பில் வளர்ந்த வீட்டுப் பெண், அடிமைப் பெண்ணின் வாய்க்கு முழுக் கவிதையையும் கொடுத்தாரே! அடுத்தவர் நாட்டு அநீதியைச் சுட்டுவது எளிது. நம் சாப்பாட்டுத் தட்டுக்குப் பின்னால் யாருடைய வியர்வை இருக்கிறது என்று கேட்பதுதான் கடினம். அந்தக் கேள்வியை நாம் கேட்கிறோமா, நேயர்களே?