மணலில் எழுதிய பிள்ளைகள்

1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, எல்லா ஜில்லா கலெக்டர்களிடமும் ஒரு கணக்குக் கேட்டார். ஊரில் எத்தனை பள்ளிக்கூடம்? யார் யார் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள்? இன்றைய வள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் அன்று செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தன. அங்கிருந்து போன பதில்: 508 பள்ளிகள். மாகாணம் முழுக்க 12,498. ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று 1826-ல் மன்றோ குறித்துவைத்தார்.

பள்ளி என்றால் கட்டடம் தேட வேண்டாம். வாத்தியார் வீட்டுத் திண்ணை, ஊர்ச் சாவடி, கோயில் மண்டபம், இல்லாவிட்டால் மரத்தடி. அவ்வளவுதான். பெரியவன் சின்னவன் எல்லோருக்கும் அதே இடம், அதே ஒரு வாத்தியார். தரையில் பரப்பிய மணலில் விரலால் 'அ' எழுத வேண்டும். கை படிந்த பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். அரிச்சுவடி, ஆத்திசூடி, எண்சுவடி எல்லாம் உரக்கச் சொல்லியே மனப்பாடம். வாத்தியாரின் வரும்படி பெரும்பாலும் மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் போகாது என்கிறார் மன்றோ. இவ்வளவு சொற்பக் கூலிக்குத்தான் ஒரு ஊரின் எழுத்தறிவு நின்றது.

விடிந்ததும் பள்ளி தொடங்கிவிடும். முதலில் வருகிற பையன் உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதுவார்கள். இரண்டாவது வருகிறவனுக்குச் சுழி. மூன்றாமவனுக்கு ஒரு லேசான அடி, நான்காமவனுக்கு இரண்டு, அப்படியே ஏறிக்கொண்டே போகும். பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823-ல் எழுதிய அறிக்கையில் உள்ள காட்சி இது. கடைசியாக வந்த பிள்ளையின் கையை நினைத்தால் இன்றும் மனம் சுருங்குகிறது.

வாத்தியார் ஒருவர், பிள்ளைகள் பலர். அதனால் மூத்தவன் சட்டாம்பிள்ளையாகி இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். எழும்பூர் ஆண் அனாதை விடுதியை 1789 முதல் நடத்திய பாதிரியார் ஆண்ட்ரூ பெல், சென்னைப் பக்கத்துப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் விடுதியிலும் புகுத்தினார். மாணவனை வைத்தே மாணவனுக்குப் பாடம் சொல்லவைத்தார். 1797-ல் லண்டனில் நூலாகவும் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குள் போனது. பெல் இறந்தபோது அவருக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இடம் கிடைத்தது. வழிகாட்டிய திண்ணை வாத்தியாரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

இதைப் பெருமையோடுதான் எழுதுகிறேன். ஆனால் பெருமை பேசுகிறவர்கள் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். கலெக்டர்களின் கணக்கில் படித்த பிள்ளைகளில் பிராமணரல்லாத சாதியினரே பெரும்பகுதி என்பது உண்மை. பெண் பிள்ளைகள் மிகக் குறைவு என்பதும் உண்மை. சேரிப் பிள்ளைக்கோ பெரும்பாலான திண்ணைகளில் இடமே இல்லை. அதே செங்கல்பட்டின் கலெக்டர் டிரெமன்ஹீர், 1891-ல் இந்த ஜில்லாவின் தீண்டப்படாத மக்களின் நிலையை விரிவாக எழுதி அரசுக்கு அனுப்பினார். 1894-ல் அடையாற்றில் பிரம்ம ஞான சபையின் கர்னல் ஆல்காட் அந்த மக்களின் பிள்ளைகளுக்கென்றே ஓர் இலவசப் பள்ளியைத் திறந்தார். மன்றோ கணக்கெடுத்து எழுபது வருஷத்துக்கு மேல் ஓடியிருந்தது.