வித்யாசாகர் சேது: வடம் இணைத்த இரு கரைகள்

ஆறு ஊரை வளர்க்கும். அதுவே ஊரைப் பிரிக்கவும் செய்யும். ஹூக்ளி நதியின் கிழக்குக் கரையில், கார்டன் ரீச்சில் வாழும் நாம் இதனை நன்கு அறிவோம். அக்கரையில் தாவரவியல் பூங்காவின் மரங்கள் கண்ணுக்குத் தோன்றும். ஆயினும் தாயகம் செல்லும் இரயிலைப் பிடிக்க, வடக்கே நெடுந்தூரம் சென்று, நெரிசலில் நீந்தி, ஹவுரா பாலத்தைக் கடக்கவேண்டியிருந்த காலம் ஒன்றுண்டு.

கார்டன் ரீச், பிற மண்ணிலிருந்து வந்தோரை நெடுங்காலமாய் ஏற்ற இடம். 1856இல் அவத் அரசை இழந்த நவாப் வாஜித் அலி ஷா, இங்குள்ள மட்டியாபுருஸில் தங்கி, 1887இல் மறைந்தார். பின்னாளில் இரயில்வேத் தலைமையகம் இங்கு அமைந்தது. அதனை நம்பித் தமிழ்க் குடும்பங்களும் வந்தன.

1874இல் ஆற்றின்மேல் மிதவைப் பாலம் ஒன்று அமைந்தது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதியை அகற்றி வழிவிடவேண்டும். அதுவரை மக்கள் காத்திருக்கவேண்டும். 1943இல் எழுந்த ஹவுரா பாலம் அக்குறையைத் தீர்த்தது. ஆனால் நகரம் பெருகப் பெருக, அதுவும் போதாதாயிற்று. 1972 மே 20ஆம் நாள் இந்திரா காந்தி அம்மையார் இரண்டாம் பாலத்திற்கு அடிக்கல் நாட்டினார். கட்டுமானப் பணி தொடங்கியதோ 1979இல். பாலம் திறக்கப்பட்டது 1992 அக்டோபர் 10ஆம் நாள். அடிக்கல் நாட்டியபோது பணியிலிருந்த நம் பெரியவர்களுள் சிலர், இந்த இருபதாண்டுகளுக்குள் ஓய்வுபெற்று, மூட்டை முடிச்சுகளுடன் பழைய வழியிலேயே ஊர் திரும்பினர். அவர்கள் இப்பாலத்தைக் கடந்ததில்லை.

823 மீட்டர் நீளமுள்ள இப்பாலத்தின் நடுக்கண் 457 மீட்டர். அவ்விடைவெளியில் ஆற்றினுள் தூண் ஏதும் இல்லை. உயர்ந்த கோபுரத் தூண்களிலிருந்து சாய்வாக இறங்கும் 121 உருக்கு வடங்கள் பாதையைத் தாங்குகின்றன. பாதையின் பாரம் வடங்களின் வழியே தூணுக்கு ஏறி, தூணின் வழியே அடித்தளத்திற்கு இறங்குகிறது. எந்த ஒரு வடமும் தனியே பாலத்தைச் சுமப்பதில்லை. தேர்வடம் பிடித்து வளர்ந்த நமக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை.

பாலம் தாங்கும் பெயரும் பொருத்தமானதே. ஈசுவர சந்திர வித்யாசாகரின் பெருமுயற்சியால் விதவை மறுமணச் சட்டம் பிறந்ததும், நவாப் இங்கு வந்த அதே 1856ஆம் ஆண்டில்தான். வங்க எழுத்தை எளிதாக்கிய அரிச்சுவடியை இயற்றியவரும் அவரே. நம் பிள்ளைகள் இங்குள்ள பள்ளியில் வங்கம் பயில்கையில், அறியாமலே அவருக்குக் கடன்படுகின்றனர்.

1977இல் ஓடத் தொடங்கி, நெடுங்காலம் ஹவுராவிலிருந்து புறப்பட்ட கோரமண்டல் விரைவுவண்டி, இப்போது மேற்குக் கரையிலுள்ள ஷாலிமாரிலிருந்து புறப்படுகிறது. இன்று நாம் ஊர் செல்லும் வழி இப்பாலமே. வண்டி பாலத்தில் ஏறும்போது, கைப்பேசியிலிருந்து பிள்ளைகளின் கண்களைச் சற்றே உயர்த்தச் செய்வோம்; காத்திருந்து, கடவாமலே சென்ற தாத்தாக்களின் கதையைக் கூறுவோம். இரு கரைகளிலும் அடித்தளம் ஊன்றியதனாலேயே பாலம் நிற்கிறது. இரு மண்ணுக்கு உரிய நம் பிள்ளைகளும் அவ்வாறே நிற்பாராக!