ஊர்க் காவலரும் குடியேற்றச் சட்டமும்



ஒரு நாட்டுக்குள் யார் வரலாம், யார் தங்கலாம் என்பதை அந்நாட்டின் மைய அரசு தீர்மானிக்கிறது. அத்தீர்மானத்தைத் தெருவில் நின்று நிறைவேற்றும் பொறுப்பு ஊர்க் காவலருக்கும் உண்டா? அமெரிக்காவில் இக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு.

1874இல் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்துக்குக் கப்பலில் வந்த சீனப் பெண்கள் 22 பேரை, கலிபோர்னியா மாநில அதிகாரி ஒருவர் கரையிறங்க விடவில்லை. அவர்களை ஒழுக்கமற்றவர்கள் என்று தாமே முடிவு செய்து, ஆளுக்கு 500 டாலர் பிணை கேட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வெளிநாட்டார் வருகையை ஒழுங்குபடுத்துவது மைய அரசின் அதிகாரம் என்று கூறி, நீதிமன்றம் அம்மாநிலச் சட்டத்தைச் செல்லாததாக்கியது.

இருப்பினும் விவாதம் ஓயவில்லை. அதிபர் ரீகன் 1986இல் கையெழுத்திட்ட சீர்திருத்தச் சட்டத்தால், ஆவணமின்றி வாழ்ந்த சுமார் 27 லட்சம் பேர் சட்டபூர்வ வதிவுரிமை பெற்றனர். ஆவணமற்றோரை அறிந்தே வேலைக்கு அமர்த்தும் முதலாளிகளைத் தண்டிக்கவும் அச்சட்டம் வழிசெய்தது. ஆயினும் அடுத்த இருபது ஆண்டுகளில் ஆவணமற்றோர் தொகை ஒரு கோடியைத் தாண்டியது. இதற்கிடையே, உள்ளூர்க் காவலர்கள் மைய அரசுடன் உடன்படிக்கை செய்து, பயிற்சி பெற்று, குடியேற்றச் சட்டத்தை அமல்படுத்தலாம் என 1996ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது.

அரிசோனா மாநிலம் 2010இல் மேலும் ஒரு படி சென்றது. காவலர் வேறொரு காரணத்துக்காக நிறுத்தும் ஒருவர்மீது நியாயமான சந்தேகம் எழுந்தால், அவருடைய குடியேற்ற நிலையைச் சோதிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. மைய அரசு கடமை தவறியதால் எல்லையோர மாநிலமே சுமையைச் சுமக்கிறது என்றும், முறைப்படி விண்ணப்பித்துக் காத்திருப்போருக்கு இது அநீதி என்றும் ஆதரவாளர்கள் வாதிட்டனர். அவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2012இல் உச்ச நீதிமன்றம் வழக்கிலிருந்த நான்கு பிரிவுகளில் மூன்றை நீக்கியது. ஆவணச் சோதனைப் பிரிவை மட்டும் அப்போதைக்கு அனுமதித்தது.

ஆனால் அந்தச் சந்தேகம் எதிலிருந்து பிறக்கிறது? வளைகுடாவில் இகாமா கேட்டு நிறுத்தப்பட்ட நம் உறவினர்களுக்கு இக்கேள்வி புதிதன்று. அரிசோனாவின் மாரிகோபா மாவட்டத்தில் ஷெரிப் அலுவலகத்தினர் இலத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை இனத்தை வைத்து நிறுத்தியது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று 2013இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

லாஸ் ஏஞ்சலஸ் நகரக் காவல்துறை 1979இலேயே வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. ஒருவரின் குடியேற்ற நிலையை அறியும் நோக்கில் மட்டும் காவலர் நடவடிக்கை தொடங்கக் கூடாது என்று ஆணையிட்டது. ஆவணமில்லாதவரும் அஞ்சாமல் முறையிட வேண்டும் என்பது அதன் கருத்து. அடிபட்ட மனைவியும் கூலி மறுக்கப்பட்ட தொழிலாளியும் கொலையை நேரில் கண்ட சாட்சியும் காவல் நிலையப் படியேறத் தயங்கினால், குற்றவாளியே பயனடைவான். அவனால் அடுத்து பாதிக்கப்படுபவர் ஆவணமுள்ள குடிமகனாகவும் இருக்கலாம்.

2013இல் விரிவான சீர்திருத்த மசோதா ஒன்று செனட் சபையில் 68க்கு 32 என நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையோ அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. எல்லையைக் காப்பது அரசின் உரிமை. அதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் சட்டமன்றம் முடிக்காத வேலையை ஊர்க் காவலர் தலையில் சுமத்தினால், அநீதி இழைக்கப்பட்டவர் முறையிட வேறு எந்த வாசலுக்குப் போவார்?