‘சத்தம் காணாது’: குருநகரில் தப்பிய றெக்கோட்டுகள்

யாழ்ப்பாணத்து இசைத்தட்டுகளின் வரலாற்றை எழுத வெளிக்கிட்டால், பாடகர்களுக்கு முதல் மின்சாரத்தைப் பற்றித்தான் எழுதவேண்டி வரும்.

1970களில் ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் ஆகியோரின் பொப் பாட்டுகள் 45 சுற்றுச் சின்னத் தட்டுகளில் வந்தன. குருநகர் மாதிரியான கடற்கரை ஊர்களில் தட்டு தனி வீட்டுச் சாமான் மட்டும் இல்லை. கலியாணம், பெருநாள் எண்டால் ஸ்பீக்கர் கட்டுவார்கள். ஒரு றெக்கோட்டை ஊரே கேட்கும். ஆட்கள் விரும்பிக் கேட்ட பாட்டின் தடந்தான் கூடத் தேய்ந்திருக்கும். தேய்மானமும் ஒரு வரலாற்றுச் சான்றுதான்.

1977க்குப் பிறகு இறக்குமதி திறபட்டது, கசெற் வந்தது, தட்டு அலுமாரிக்குப் போனது. 1990 யூனில் போர் திரும்பத் தொடங்கியபின் குடாநாட்டில் மின்சாரமும் நின்றது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட கதை எங்கட வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். தட்டுக்கு அது சரிவராது. வேகம் கொஞ்சம் தளம்பினாலே சுருதி இழுபடும். 1993 நவம்பர் 13இல் குருநகர் புனித யாகப்பர் ஆலயம் குண்டுவீச்சுக்கு இலக்கானது. 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் குழந்தைகளையும் வயது போன ஆக்களையும் கூட்டிக்கொண்டு நடந்த சனத்தில், தட்டுக்கட்டைத் தூக்கினவை எத்தனை பேர் இருப்பினம்?

ஆக மிஞ்சினது கொஞ்சம். அதுவும் உப்புக்காத்தும் தூசியும் பட்டது. தேய்ந்த தட்டில் ஊசி ஓடும் ஒவ்வொரு தரமும் இன்னும் கொஞ்சம் போகும். அதனால் டிஜிற்றலாக்கும்போது முதல் ஓட்டமே சரியாக அமையவேண்டும். இங்கேதான் எங்கட கசெற் காதுகள் குறுக்கே வருகின்றன.

கசெற் நாடாவுக்கு இரைச்சல் கூட. அதை அமுக்க, மீற்றர் முள் சிவப்பைத் தொடும்வரை சத்தத்தைக் கூட்டிப் பதிவது வழக்கம். நாடா அதைப் பொறுத்துக்கொள்ளும், கொஞ்சம் கரகரக்கும், அவ்வளவுதான். டிஜிற்றல் பொறுக்காது. அங்கே பூச்சியம் டெசிபெல்தான் உச்சவரம்பு. அதைத் தாண்டும் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும்; பிறகு சத்தத்தைக் குறைத்தாலும் வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான்.

உச்சத்துக்குக் கிட்டப் போகவேண்டிய தேவையும் இல்லை. நல்ல நிலையிலுள்ள வினைல் தட்டில்கூட மிகமெல்லிய ஒலிக்கும் மிகப்பெரிய ஒலிக்கும் இடையில் ஏறக்குறைய 60, 70 டெசிபெல்தான். 16 பிற் பதிவு 96ஐத் தாங்கும். 24 பிற் கணக்கில் 144. சர்வதேச ஒலி ஒளிக் காப்பகச் சங்கம் 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸைக் குறைந்தபட்சமாகச் சொல்கிறது. எனவே பாட்டின் ஆகக் கூடிய சத்தமான இடம் பூச்சியத்துக்குக் கீழே 6 முதல் 12 டெசிபெல்லில் நின்றால் ஒன்றும் இழக்கப் போவதில்லை. எங்கட தட்டுகளுக்கு நான் 12 பக்கமே நிற்பேன். கீறல் விழுந்த இடத்தில் வரும் ‘டக்’ பாட்டைவிட உயரமாக எழும்பும். அது வெட்டுப்படாமல் முழுசாகப் பதிவானால்தான் பிறகு திருத்தும் மென்பொருள் அதைச் சரியாக அடையாளம் காணும்.

தானாகச் சத்தம் கூட்டிக் குறைக்கும் வசதியைக் கட்டாயம் நிறுத்தவேண்டும். பாடகர் மெல்லப் பாடின இடத்தை அது தூக்கிவிடும், தட்டின் இரைச்சலையும் சேர்த்து.

இப்படிப் பதிந்ததைப் போட்டுக் காட்டினால் ‘சத்தம் காணாது’ எண்டுதான் சொல்லுவினம். நியாயமான குறை. அவைக்கு ஒரு பிரதி எடுத்து, கூட்டி, துப்பரவாக்கிக் கொடுக்கலாம். மூலக்கோப்பில் மட்டும் கைவைக்கக் கூடாது; பாட்டுக்கு முந்தின கரகரப்பையும் வெட்டக் கூடாது. தட்டு மோனோவாக இருந்தாலும் இரண்டு சனலிலும் பதிந்து வைப்பது நல்லது. ஊசி தடத்தின் ஒரு சுவரைக் கூடத் தேய்த்திருக்கும், மற்றச் சுவரில் அதே குரல் தெளிவாகக் கிடக்கும்.