அவுரிக் குடியானவரின் வாக்கு

ஒரு நாட்டின் பொருளாதார வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு வரிக்கணக்குகள் கிடைக்கின்றன. ஏற்றுமதிக் கணக்குகள் கிடைக்கின்றன. சட்டங்களும் சர்க்கார் உத்தரவுகளும் கட்டுக் கட்டாகக் கிடைக்கின்றன. அந்தக் கணக்குகளுக்கு உள்ளே வாழ்ந்த ஊர் மக்கள் தங்கள் நிலைமையைப் பற்றி என்ன எண்ணினார்கள் என்பது மட்டும் எளிதில் கிடைப்பதில்லை. மரத்தடியிலும் களத்து மேட்டிலும் பேசப்பட்ட பேச்சு அன்றைய மாலையோடு மறைந்து போயிற்று. ஏட்டில் ஏறிய சிறு பகுதியும் பிறர் கையால், பிறர் மொழியில் எழுதப்பட்டதேயாகும். ஆயினும் நம் நாட்டில் குடியானவரின் கருத்தை அவர்கள் வாயிலாகவே கேட்டுப் பதிவு செய்த விசாரணைகள் சில உண்டு. அவற்றுள் இரண்டு அவுரிச் சாகுபடியைப் பற்றியவை. ஒன்று 1860இல் வங்காளத்தில் நடந்தது. மற்றொன்று 1917இல் பீகாரின் சம்பாரண் ஜில்லாவில் நடந்தது. அவ்விரண்டையும் இங்கே ஒருங்கே வைத்துக் காண்போம்.

நாம் அவுரி என்று வழங்கும் செடியிலிருந்தே நீலச் சாயம் எடுக்கப்பட்டது. ஐரோப்பிய நெசவாலைகளில் அச்சாயத்துக்கு மிகுந்த கிராக்கி இருந்தது. வங்காளத்தில் நதியா, ஜெஸ்ஸோர் முதலிய ஜில்லாக்களில் ஐரோப்பியத் துரைமார் சாயத் தொழிற்சாலைகளை நிறுவினர். தங்கள் சொந்தப் பண்ணையில் பயிரிட்டது சிறு பகுதியே. பெரும்பகுதியைக் குடியானவரின் நிலத்தில், குடியானவரின் ஏரைக் கொண்டே பயிரிடச் செய்தனர். நெல் விளையும் நல்ல நிலத்தையே தொழிற்சாலை ஆட்கள் அவுரிக்கென்று குறித்து விடுவர். பயிர் முற்றியதும் அறுத்துக் கட்டி, தொழிற்சாலைக்குக் கொண்டு சென்று போட வேண்டும். அங்கே கட்டைச் சங்கிலியால் சுற்றி அளப்பார்கள். சங்கிலியை இறுக்குவதும் தளர்த்துவதும் அளப்பவன் கையில் இருந்தது.

இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை 'தாதன்' என்னும் முன்பணமாகும். பீகா ஒன்றுக்குச் சாதாரணமாக 2 ரூபாய் கொடுத்து, முத்திரைத் தாளில் குடியானவரின் ஒப்பம் வாங்கப்படும். முத்திரைத் தாளின் விலையும் விதையின் விலையும் அவர் கணக்கிலேயே பற்று எழுதப்படும். தொழிற்சாலைக் குமாஸ்தாக்களும் தங்கள் பங்கை எடுத்துக் கொள்வர். ஆண்டு முடிவில் விளைச்சலின் விலை முன்பணத்துக்கு ஈடாகாமல் போகவே, நிலுவை அடுத்த ஆண்டுக் கணக்கில் ஏறும். தந்தை வாங்கிய முன்பணம் மகன் தலையில் விழும். ஒரு முறை தாதன் பெற்றவர் அதிலிருந்து விடுபடுவது அரிதாயிற்று.

1859இல் குடியானவர்கள் இனி அவுரி விதைப்பதில்லை என்று மறுக்கத் தொடங்கினார்கள். நதியா ஜில்லாவின் சௌகாச்சா கிராமத்தில் திகம்பர் விசுவாஸ், விஷ்ணுசரண் விசுவாஸ் என்னும் இருவர் முன்னின்றனர். மறுப்பு ஊரூராகப் பரவிற்று. கல்கத்தாவில் 'ஹிந்து பேட்ரியட்' என்னும் ஆங்கில வாரப் பத்திரிகையை நடத்திய ஹரிஷ் சந்திர முகர்ஜி குடியானவரின் முறையீடுகளை இடைவிடாமல் வெளியிட்டார். ராணுவக் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் பணி புரிந்தவர் அவர். கிராமத்திலிருந்து தம்மை நாடி வந்தவர்களுக்கு மனுக்கள் எழுதித் தருவதும் அவருடைய வழக்கமாயிருந்தது. 1861ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நாற்பது வயதை எட்டுமுன்பே அவர் காலமானார்.

சர்க்கார் 1860இல் இரண்டு காரியங்களைச் செய்தது. அவ்வாண்டின் 11ஆம் சட்டத்தின் மூலம், ஒப்பந்தத்தை மீறும் குடியானவரைத் தண்டிக்க ஆறு மாதத்துக்கு வழி வகுத்தது. கூடவே, உண்மை நிலையை ஆராய ஐவர் கொண்ட கமிஷனையும் நியமித்தது. செட்டன்-கார் அதன் தலைவர். துரைமாரின் சார்பில் ஒருவரும், பாதிரிமாரின் சார்பில் ஒருவரும், பிரிட்டிஷ் இந்தியச் சங்கத்தின் சார்பில் சந்திரமோகன் சட்டர்ஜியும் அதில் இருந்தனர். குடியானவரின் பிரதிநிதியாக எவரும் இல்லை.

ஆனால் சாட்சிகளின் பட்டியலைப் பார்க்கும்போது நமக்கு வியப்பு உண்டாகிறது. மொத்தம் 134 பேர் சாட்சி சொன்னார்கள். சர்க்கார் அதிகாரிகள் 15 பேர்; துரைமார் 21 பேர்; பாதிரிமார் 8 பேர்; ஜமீன்தார் முதலிய உள்நாட்டுப் பிரமுகர்கள் 13 பேர்; குடியானவர்களோ 77 பேர். அதாவது, பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏர் பிடித்தவர்கள். கேள்வியும் விடையுமாக அவர்கள் கூறியவை அச்சாகியுள்ளன. அவுரி விதைப்பதனால் தமக்கு ஆதாயம் இல்லை, நஷ்டமே உண்டு, நெல்லுக்கு உழ வேண்டிய தருணம் அவுரிக்குப் போய் விடுகிறது, அளவில் ஏமாற்றப்படுகிறோம், மறுத்தால் கால்நடைகளைப் பிடித்துச் செல்கிறார்கள், ஆட்களை அடைத்து வைக்கிறார்கள் என்பனவே அவர்களுடைய வாக்குமூலங்களின் சாரம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சொல் கண்ணில் படுகிறது. 'தாதன்' என்பதை அகராதிப்படி 'முன்பணம்' என்று பெயர்த்தால் பிழையில்லை. ஆனால் முன்பணம் என்று கேட்பவருக்கு அது ஓர் உதவியாகத் தோன்றும். உதவி பெற்றவன் வாக்குத் தவறினால் தண்டனை நியாயந்தானே என்று எண்ணத் தோன்றும். 11ஆம் சட்டம் எழுந்தது இந்தப் பொருளில்தான். குடியானவரின் வாயிலோ அச்சொல் விலங்கு என்னும் பொருளில் வழங்கிற்று. 77 பேர் தம் அநுபவத்தை விரித்துச் சொன்ன பிறகே அந்த இரண்டாவது பொருளும் ஏட்டில் ஏறிற்று. குடியானவர் தம் விருப்பப்படி இச்சாகுபடியை ஏற்கவில்லை, வற்புறுத்தலாலேயே அது நடந்து வருகிறது என்ற முடிவுக்குக் கமிஷன் வந்தது. அதே ஆண்டில் லெப்டினண்ட் கவர்னர் கிராண்ட் படகில் ஆற்று வழியே பிரயாணம் செய்தபோது, இரு கரைகளிலும் மைல் கணக்கில் மக்கள் கூடி நின்று நியாயம் கேட்டார்கள். ஆறு மாதச் சட்டம் பின்னர் நீட்டிக்கப்படவில்லை.

இச்சமயத்தில் மொழிபெயர்ப்பு ஒன்று நீதிமன்றம் வரை சென்றது. தீனபந்து மித்திரர் இத்துயரங்களைப் பொருளாகக் கொண்டு 'நீல் தர்ப்பண்' என்னும் வங்க நாடகத்தை 1860இல் வெளியிட்டார். அதன் ஆங்கில ஆக்கத்தை 1861இல் அச்சிட்டு வெளிப்படுத்தியவர் ஜேம்ஸ் லாங் என்னும் பாதிரியார். மொழிபெயர்த்தவர் கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தர் என்று கூறுவது மரபு. வங்க மொழியில் வெளிவந்தபோது பொறுத்திருந்த துரைமார், ஆங்கிலத்தில் வந்ததும் அவதூறு வழக்குத் தொடுத்தனர். லாங் பாதிரியாருக்கு ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. அபராதத் தொகையைக் காளிபிரசன்ன சிங்கர் உடனே செலுத்தினார். பிரதிகளைச் சர்க்கார் உறையிலிட்டு அனுப்ப இடந்தந்த செட்டன்-காரும் கண்டனத்துக்கு ஆளானார். ஊராரின் பேச்சு ஊர் எல்லைக்குள் இருக்கும் வரை அஞ்சாதவர்கள், அதிகாரத்தில் உள்ளோர் படிக்கும் மொழிக்கு அது வந்தவுடன் அஞ்சினார்கள் என்பது இவ்வழக்கினால் விளங்குகிறது.

வங்காளத்தில் அவுரி தளர்ந்தது, பீகாரில் ஓங்கிற்று. சம்பாரணில் 'தீன்கட்டியா' என்னும் முறை வழங்கியது. இருபது கட்டா கொண்ட ஒரு பீகா நிலத்தில் மூன்று கட்டாவில் குடியானவர் கட்டாயமாகத் துரைக்கு அவுரி பயிரிட வேண்டும் என்பதே அதன் பொருள். 1897இல் ஜெர்மனியில் செயற்கை நீலச் சாயம் விற்பனைக்கு வரவே, இயற்கைச் சாயத்தின் விலை சரிந்தது. அவுரியினால் ஆதாயம் இல்லை என்று கண்ட துரைமார் அந்த நஷ்டத்தைக் குடியானவர் மீதே சுமத்தினர். அவுரிக் கடமையிலிருந்து விடுவிப்பதற்காகக் குத்தகையை உயர்த்தினர். அதற்கு 'ஷரஹ்பேஷி' என்று பெயர். குத்தகையை உயர்த்த இயலாத இடத்தில் ஒரே தொகையாகப் பணம் வாங்கினர். அதற்குத் 'தாவான்' என்று பெயர்.

தாவான் என்றால் நஷ்டஈடு. நஷ்டப்பட்டவர் பெறுவதையே நாம் நஷ்டஈடு என்போம். இங்கோ, வேண்டாத பயிரைத் தலைமுறை தலைமுறையாக இட்டவர் அதை நிறுத்துவதற்காகக் கொடுத்த பணம் அப்பெயர் பெற்றது. இவையன்றி, சட்டத்தில் இடமில்லாத 'அப்வாப்' என்னும் வசூல்களும் இருந்தன. தந்தை இறந்து மகன் நிலத்துக்கு உரியவனானால் 'பாபாஹி-புதாஹி'; துரை குதிரை வாங்கினால் 'கோடாஹி'; யானை வாங்கினால் 'ஹாதியாஹி'; ஹோலிப் பண்டிகைக்குப் 'பகுவா'. இப்பெயர்களைக் குடியானவரே தந்தார்கள். சர்க்காரின் வருமான ஏட்டில் காணக்கிடைக்காத ஒரு வரித்திட்டம் ஊராரின் பேச்சில் முழுமையாக இருந்தது.

1916 டிசம்பரில் லட்சுமணபுரிக் காங்கிரஸில் ராஜ்குமார் சுக்லா என்னும் குடியானவர் காந்தியடிகளை அணுகி, சம்பாரணுக்கு வருமாறு வேண்டினார். 1917 ஏப்ரலில் காந்தியடிகள் அங்கே சென்றார். பிரஜகிஷோர் பிரசாத், ராஜேந்திர பிரசாத் முதலிய வக்கீல்கள் உடன் வந்தனர். அவர்களுடைய சட்ட ஞானத்தைக் காட்டிலும், எழுதுவதற்கும் மொழிபெயர்ப்பதற்குமே அவர்களுடைய உதவி தமக்குத் தேவை என்று காந்தியடிகள் முதலிலேயே தெரிவித்து விட்டார். ஊரார் பேசியது போஜ்புரி. பத்திரங்கள் இருந்ததோ பெரும்பாலும் கைதி எழுத்தில். ஆகையால் அவ்வேண்டுகோள் மிகவும் பொருத்தமானதே. ஜில்லாவை விட்டு வெளியேறும்படி பிறந்த உத்தரவை மீறி, ஏப்ரல் 18ஆம் தேதி மோதிஹாரி நீதிமன்றத்தில் அவர் நின்றதும், சர்க்கார் வழக்கைக் கைவிட்டதும் யாவரும் அறிந்ததே.

அதற்குப் பின் நடந்த எழுத்து வேலையைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆயிரக்கணக்கான குடியானவர்கள் வந்தார்கள். வக்கீல்கள் ஒவ்வொருவரையும் குறுக்கு விசாரணை செய்தார்கள். ஆதாரமில்லாததையும் மிகைப்படுத்திய கூற்றையும் விலக்கினார்கள். நிலைத்ததை மட்டும் எழுதினார்கள். ரகசியப் போலீஸ் உத்தியோகஸ்தர் ஒருவர் அருகில் இருக்க அநுமதித்தார்கள். இதனால் எழுதுவோர்க்குக் கவனம் மிகுந்தது. போலீஸாரின் முன்பே பேசிப் பழகியதால் குடியானவர்க்கு அச்சம் அகன்றது.

ஜூன் மாதத்தில் சர்க்கார் ஸ்லை என்பவரின் தலைமையில் விசாரணைக் குழுவை நியமித்தது. காந்தியடிகளும் அதில் உறுப்பினரானார். 1860இல் இல்லாத பிரதிநிதித்துவம் குடியானவர்க்கு 1917இல் கிடைத்தது என்பதை நாம் கருத வேண்டும். அக்டோபரில் அறிக்கை வந்தது. தீன்கட்டியா முறையை ஒழிக்கவும், உயர்த்திய குத்தகையைக் குறைக்கவும், தாவான் தொகையில் கால் பங்கைத் திருப்பித் தரவும் அது பரிந்துரைத்தது. 1918ஆம் ஆண்டுச் சம்பாரண் விவசாயச் சட்டம் தீன்கட்டியாவுக்கு முடிவு கட்டிற்று.

எனினும் அந்த வாக்குமூலங்களில் எல்லாருடைய குரலும் சம அளவில் ஒலித்தது என்று கொள்வதற்கில்லை. முன்னின்று பேசியவர்களில் பலர் ஓரளவு வசதியுள்ள குடியானவர்கள் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். நிலமற்ற கூலியாட்கள் பேசியது குறைவு. பெண்கள் பேசியது அதனினும் குறைவு. 1917 நவம்பர் முதல் பர்ஹர்வா, பிதிஹர்வா முதலிய கிராமங்களில் பள்ளிகளும் மருத்துவ உதவியும் சுகாதாரப் பணியும் தொடங்கிய பிறகே வேறு உண்மைகள் வெளிவந்தன. பெண்கள் அழுக்குத் துணி உடுத்தியிருப்பதன் காரணத்தை அறிந்து வரக் கஸ்தூரிபா அனுப்பப்பட்டார். ஒரு பெண் அவரைக் குடிசைக்குள் அழைத்துச் சென்று, தன்னிடம் மாற்றுச் சேலை வேறு இல்லை என்பதைக் காட்டினாள். குத்தகை விசாரணையில் இந்தச் செய்திக்கு இடம் இருக்கவில்லை. கேட்கும் கேள்விக்கு ஏற்பவே விடை கிடைக்கும். கேட்கச் செல்லும் ஆளுக்கு ஏற்பவும் விடை மாறும்.

சுதந்திர இந்தியாவில் ஊராரின் கருத்தைக் கேட்பதற்குச் சட்டமே இடம் வகுத்துள்ளது. அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்து, கிராம சபைக்கு அரசியலமைப்பில் இடம் தந்தது. 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், சமூகத் தாக்க ஆய்வறிக்கையை அவ்வட்டாரத்து மொழியில் மக்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றிய வரைவு அறிவிக்கையை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் வெளியிடுமாறு டில்லி உயர் நீதிமன்றம் 2020 ஜூன் 30ஆம் தேதி உத்தரவிட்டது. தமக்குப் புரியாத மொழியில் எழுதிய தாளைப் பற்றி எவரும் கருத்துச் சொல்ல இயலாது என்பதே இவற்றின் அடிப்படை.

இவ்வேற்பாடுகள் பயன் தருவதும் தராமற் போவதும், அவற்றை நடத்துவோர் எவ்வளவு பொறுமையுடன் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வங்காளத்தில் 77 பேர் பேசினார்கள். சம்பாரணில் ஆயிரக்கணக்கானோர் பேசினார்கள். இரண்டிடத்திலும் அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, பிற மொழியிலும் பொருள் கெடாமல் கொண்டு சேர்த்தவர்கள் சிலர் இருந்தார்கள். தாதன், தாவான் என்னும் இரு சொற்களின் உண்மைப் பொருளை இன்று நாம் அறிவது அவர்கள் உழைப்பினாலேயாம்.